நாலஞ்சு பேர்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று ஆறாம் வகுப்புக்கு உத்தேச மதிப்பு நடத்தினேன். 34 என்றால் 30, 36 என்றால் 40. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தப்பாகச் சொன்னாலும் கிட்டத்தட்ட சரிதானே மிஸ் என்கிறார்கள். கிட்டத்தட்ட என்றால் எவ்வளவு கிட்ட என்று கேட்டேன்.

வீட்டில் இருக்கிற பெரிய பிள்ளைக்கோ எந்தப் பாடமும் ஏறுவதில்லை. சாயங்காலம் பட்டறையிலிருந்து பிரடெரிக் போன் செய்தார், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று. ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தார். கேட்டால், "நான் பத்து நிமிஷம்னா சொன்னேன்? ஒரு பத்து நிமிஷம்னுல்ல சொன்னேன்" என்கிறார். முன்னால் ஒரு 'ஒரு' போட்டுவிட்டால் பத்து பத்தாக இருக்க வேண்டியதில்லையாம். படகு எஞ்சினில் நூலிழை வித்தியாசம் வந்தாலும் காதால் கண்டுபிடிக்கிற மெக்கானிக் பேசுகிற பேச்சு இது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. திருத்த முடியாது என்று தெரிந்தும் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். ஒரு பேனாவும் மூன்று ரோஜாவும் கிடைத்தன.

சாயங்காலம் ஷெரின் என் அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இவருடைய அண்ணன் எட்வர்ட் அத்தானின் போட் கிளம்பும்போது இவள் கரையில் நின்று விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்களை எண்ணியிருக்கிறாள். அத்தை ஓடிப்போய் விரலை மடக்கிவிட்டாராம். "கடலுக்குப் போறவுகள எண்ணாதட்டி. எண்ணுனா கொறையும்." பதினொரு வயதுப் பெண், கணக்கு டீச்சர் மகள், சும்மா இருப்பாளா? "எண்ணுனா எப்படி அப்பத்தா கொறையும்?" என்று கேட்டு இன்னொரு குட்டும் வாங்கியிருக்கிறாள்.

பாம்பன் முழுக்க இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. என் மாமியார் செபஸ்தியம்மாள் வீட்டில் உண்டு. போட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் "நாலஞ்சு பேரு" என்றுதான் சொல்வார். மூன்று பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் அதே நாலஞ்சு. நான் திருவாடானைப் பக்கத்து விவசாயி மகள். எங்கள் அய்யா களத்தில் மூட்டையை எண்ணி, மறுபடி எண்ணி, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணுவார். வந்த புதிதில் இதையெல்லாம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். போன வாரம் பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு நானே "நாலஞ்சு பேரு போயிருக்காங்க" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். வாய் இந்த ஊர் வாயாகிவிட்டது.

செப்டம்பர் 13, சனி, காலை

எட்வர்ட் அத்தான் ஐந்தரைக்கே வந்து இவரை எழுப்பிக்கொண்டு போனார். எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறதாம், ஓட்டத்தில் கேட்டால்தான் பிடிபடுமாம். மெக்கானிக் கடலுக்குப் போவது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான். கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் நேற்றே நான்கு பேருக்கு எழுதி வாங்கியாகிவிட்டது, இவர் பெயர் அதில் இல்லை. "இவனுக்கெதுக்குப் பேரு, ஒரு நா வேலை" என்றார் அத்தான்.

புளிச்சோறு கட்டிக்கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று என்று ஐந்து முட்டை எண்ணி வைத்தேன். காற்று பலமாகத்தான் இருக்கிறது.

அதே நாள், 11.20

போட்டில் தண்ணீர் ஏறுகிறதென்று அவரே போன் செய்தார். "சங்கத்துல சொல்லு, கன்ட்ரோல் ரூமுக்கும் சொல்லு, பயப்படாத" என்றார். கட்டாகிவிட்டது. இரண்டு இடத்துக்கும் சொல்லிவிட்டேன். மாதாவே.

அதே நாள், மாலை 5.15

எல்லாரும் கிடைத்துவிட்டார்கள்! சங்கத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். இரண்டு பேரை நாட்டுப்படகுக்காரர்கள் தூக்கி மண்டபத்தில் இறக்கியிருக்கிறார்கள். மற்றவர்களை ரோந்துக் கப்பல் எடுத்திருக்கிறது. எல்லாரையும் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். அத்தை முழங்காலில் விழுந்து அழுதார், நானும் அழுதேன், ஷெரின் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அழுதாள். வரட்டும் அந்த மனுஷன். எஞ்சின் சத்தம் கேட்கப் போனாராம்.

மாற்றுத் துணி எடுத்து வைத்துவிட்டேன். ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நான்கு கட்டில்.

முதல் கட்டிலில் எட்வர்ட் அத்தான். அடுத்ததில் அத்தானோடு போட்டில் போன சகாயவினோத். அதற்கடுத்து மற்ற இருவர். அந்த வரிசையில் ஐந்தாவது கட்டிலில் யாரோ ஒரு கிழவர், கால் முறிந்து கிடந்தார். நான் அவர் முகத்தைக்கூட இரண்டு தடவை பார்த்தேன்.

"அவரு எங்க?" என்றேன். அத்தான் சகாயவினோத்தைப் பார்த்தார். சகாயவினோத் அத்தானைப் பார்த்தான்.

"அவரு ஒங்க பக்கந்தானண்ணே நீந்தி வந்தாரு" என்றான். அத்தான், "என் பக்கமா? ஒங்கூட கேனப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னுல்ல நான் நெனச்சேன்" என்றார். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்து, கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, கட்டிலிலிருந்து விழுந்தார்.

ஐந்து மணிக்கே தேடுவதை நிறுத்தியிருக்கிறார்கள். டோக்கன்படி நான்கு பேர் போனார்கள், நான்கு பேரும் கிடைத்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டில் கப்பல் போக முடியாது, விடிந்ததும் போகிறோம் என்றார்கள். நம் ஆட்கள் இரண்டு வள்ளத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் இல்லை. இன்று காலை ஆறு மணிக்குத்தான் கப்பல் போனது. மாலை ஐந்திலிருந்து காலை ஆறு வரை பதின்மூன்று மணி நேரம். இது உத்தேசம் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17, புதன்

வருகிறவர்கள் எல்லாரும் ஒரு எண்ணைக் கொண்டுவருகிறார்கள். கடலில் ஏழெட்டு நாள் கிடந்து உயிரோடு வந்தவன் இருக்கிறான் என்றார் ஒருவர். ஏழா, எட்டா என்று கேட்டேன். அவர் பயந்துபோய் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதிகாரி ஒருவர், "ரெண்டொரு நாள் தேடிப் பாப்போம்மா" என்றார். ரெண்டொரு நாள் என்பது இரண்டா, ஒன்றா, மூன்றா? இன்று முடிகிறதா, நாளை முடிகிறதா? எந்த நாளின் சாயங்காலத்தில் என் புருஷனை விட்டுவிட்டுத் திரும்பி வருவீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. சரிங்க சார் என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நிறுத்திவிட்டார்கள்.

செப்டம்பர் 24, புதன்

வாக்குமூலத்துக்காக ராமநாதபுரத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டோக்கனில் பெயர் இல்லாதவர் படகில் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று முதல் கேள்வி. ஐந்து முட்டை என்று சொல்ல முடியுமா? அவர் போனில் பேசியதைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அப்புறம் அந்த அதிகாரி, தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நான் கன்ட்ரோல் ரூமுக்குப் பேசியதைப் போட்டுக் காட்டினார்.

என் குரல்தான். நன்றாகப் பேசியிருக்கிறேன். போட் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லியிருக்கிறேன். அவர் போன் பண்ணிய நேரத்தைக்கூட பத்து ஐம்பத்திரண்டு என்று சொல்லியிருக்கிறேன். அடுத்து அந்த ஆள் கேட்கிறார்:

"எத்தனை பேரும்மா இருக்காங்க?"

"நாலஞ்சு பேருங்க சார்."

விசைப்பலகை தட்டுகிற சத்தம். "டோக்கன்ல நாலு பேரு காட்டுது. நாலுதானம்மா?"

"ஆமா சார். சீக்கிரம் போங்க சார்."

இதோடு முடிந்தது.

நாலஞ்சு என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. பத்து நாளாக அதை வைத்துத்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தேன். ஆமா என்று சொன்னது ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. அவர் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் ஒழுங்காக, பதறாமல், நாலுதானா என்று கேட்டிருக்கிறார். நான் ஆமா என்று சொல்லியிருக்கிறேன். எதுக்குடி சொன்ன? ஏன்டி சொன்ன? அஞ்சுன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும் ஒனக்கு?

வெளியே வராந்தாவில் ஒருவர் காத்திருந்தார். பெயர் கனி, கீழக்கரைக்காரர். அன்றைக்குப் போனை எடுத்தவர் அவர்தானாம். சின்ன வயதுதான், கண் கலங்கியிருந்தது.

"ஒங்கள ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதிய. நாலஞ்சுன்னா எங்க வூட்ல நாலுதான். கூட ஒண்ணு சொல்றது சும்மா பேச்சுக்கு. நாலும் நாலும் பொருந்துச்சேன்னு எழுதிட்டேன். ஒங்களுக்கு அஞ்சுன்னு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அல்லா ஒங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும்" என்றார். தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் அவருக்காவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ? இல்லை, தெரியாது என்றால் மொத்தப் பாரமும் அவர் தலையில் போயிருக்கும். ஒரு தடவையாவது சரியாகச் சொன்னேனே.

செப்டம்பர் 25, வியாழன்

அத்தையோடு சண்டை. சண்டை என்றால் நான்தான் கத்தினேன்.

அன்று போன் பேசும்போது அத்தை என் பக்கத்தில்தான் நின்றார், ஈரக் கையோடு. அவர் நின்றதால்தான் எனக்கு ஐந்து என்று வாய் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டேன். எண்ணாத எண்ணாதன்னு பதினாலு வருஷமா என் வாயைக் கட்டிப்போட்டீங்களே அத்தை, இப்ப கொறஞ்சது யாரு என்று கேட்டேன். ஷெரின் காதைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை, "எண்ணாம இருந்துதான் தாயி இத்தன வருஷம் எல்லாரையும் கரையேத்துனேன்" என்றார்.

"ஏத்தலையே" என்றேன்.

என்ன மனுஷி நான். பெற்றவளிடம் சொல்கிற சொல்லா அது? மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். ஆனால் கேட்கத் தோன்றவில்லை. சொன்னதில் பாதி பொய் என்றும் தெரிகிறது. அத்தை நின்றது நாலஞ்சுக்குக் காரணமாக இருக்கலாம். ஆமாவுக்கு யார் காரணம்?

அக்டோபர் 8, புதன்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம். எல்லாரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். வகுப்பு தேவலை.

செய்யக்கூடாது என்று தெரிந்தே செய்தேன். ஆறாம் வகுப்பில் துண்டுக் காகிதம் கொடுத்து, நாலஞ்சு மாங்காய் என்றால் எத்தனை மாங்காய், ஒரே ஒரு எண் எழுதுங்கள் என்றேன். முப்பத்தொரு பிள்ளைகள். ஐந்து என்று பதினான்கு பேர். நான்கு என்று ஒன்பது பேர். ஆறு என்று நான்கு பேர். இரண்டு பேர் கூட்டி ஒன்பது என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி நாலரை. முதல் வரிசையில் இருக்கிற உமையாள் ஒன்றும் எழுதாமல் கொடுத்தாள்.

ஏன் எழுதவில்லை என்றேன். "யாரு சொல்றான்னு தெரியலையே மிஸ். எங்கம்மா சொன்னா நாலு. எங்க மாமா சொன்னா ரெண்டுதான் இருக்கும்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். முப்பத்தொரு பேரில் பதினான்கு பேர் ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள். பாதிகூட இல்லை. அந்தப் போனை வேறு யார் எடுத்திருந்தாலும்? இந்தக் கணக்கைப் போட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? கேள்வி நாலஞ்சு இல்லை. நாலுதானம்மா என்பதுதான் கேள்வி. அதற்கு இந்த முப்பத்தொரு பேரும் சரியான பதில் சொல்லியிருப்பார்கள்.

காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி இந்த வகுப்புக்கு உத்தேசம் நடத்த மாட்டேன், யாராவது நடத்திக்கொள்ளட்டும்.

அக்டோபர் 15, புதன்

எட்வர்ட் அத்தான் வந்தார். இப்போதெல்லாம் வீட்டுக்குள் வருவதில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். போட்டை இழந்தது பற்றிப் பேச்சே இல்லை. டீயைக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"மண்டபத்துல எறங்குன ஒடனே கேட்டேன் ஹெலனு. எந்தம்பி எங்கடான்னுதான் மொதக் கேட்டேன். எல்லாரும் கெடச்சாச்சு, மத்தவுக அங்கிட்டு எறங்கிட்டாகன்னாய்ங்க. எல்லாரும்னா எத்தனன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலயே எனக்கு."

எனக்கும் தோன்றவில்லை அத்தான் என்றேன். கணக்கு டீச்சர் நான். பேனாவும் பென்சிலும் எத்தனை என்று பிள்ளைகளைக் குடைகிறவள். 'எல்லாரும்' என்ற ஒரு சொல்லைக் கேட்டு, எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்காமல், துணி மடித்தேன். அதைக் கேட்டிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருந்தது.

"டோக்கன்ல அவன் பேர எழுதிருக்கணும்" என்றார். இதைத்தான் தினம் சொல்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. கோபத்தை எல்லாம் என்மேலேயே செலவழித்துவிட்டேன்போல.

டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 21, செவ்வாய்

அத்தை இன்றும் உலையில் நான்கு பேருக்கு அரிசி போட்டார். மிஞ்சியதை நானும் ஷெரினும் பேசாமல் பிரித்துச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 27, திங்கள்

ஷெரின் கேட்டாள்: "அப்பா வர்றதுக்கு இன்னும் சான்ஸ் இருக்காம்மா? நூத்துக்கு எத்தன?"

என் பிள்ளை. என்னிடம் ஒரு எண் கேட்கிறாள். வாயைத் திறந்தேன். ஒன்று என்று சொல்ல வந்தேன். அந்த ஒன்றை அவள் எத்தனை வருடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? பூஜ்யம் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? தெரியலடா என்றேன். "ஒனக்குமா தெரியாது?" என்றாள். அந்த 'ஒனக்குமா'வை என்னால் தாங்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாற்பத்துநான்கு நாள் ஆகிறது. உயிரோடு இருக்கிறதே பாரமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே ஒரு நிமிடம் புரிவதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அத்தை காலையிலேயே குளித்து வெள்ளைச் சேலை கட்டிவிட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வருகிறாயா என்றும் கேட்கவில்லை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். நானும் ஷெரினும் கூடப் போனோம்.

எங்கள் குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் மூன்று கல்லறைகள். மாமனாருடையது, மாமனாரின் அண்ணனுடையது, எட்வர்ட் அத்தானுக்குப் பிறந்து எட்டு நாளில் போன குழந்தையுடையது. வருடா வருடம் கல்லறைக்கு ஒன்றாக மூன்று மெழுகுவத்தி வாங்குவோம். நேற்றே எல்லாரும் வந்து சுண்ணாம்பு அடித்துப் பூவும் போட்டிருந்தார்கள். தோட்டம் முழுக்க ஆட்கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன். பார்த்தால் ஏதாவது கேட்பார்கள், இல்லாவிட்டால் கேட்காமல் இருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

வாசலில் மெழுகுவத்திக் கடை. நல்ல கூட்டம். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமல், "எத்தன பெரியாத்தா?" என்று கேட்டார்.

நான் பையிலிருந்து பர்ஸை எடுத்துக்கொண்டிருந்தேன். மூணு என்று நான் சொல்வதா, அத்தை சொல்வாரா என்று ஒரு கணம் நின்றேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. ஷெரின் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நாலு குடு" என்றார்.

கடைக்காரர் கட்டிலிருந்து கை நிறைய அள்ளி நீட்டினார். நாலஞ்சு இருக்கும். அத்தை வாங்கவில்லை.

"எண்ணிக் குடுப்பா."

அவர் ஒவ்வொன்றாக எண்ணி என் கையில் வைத்தார். நான்கு. உள்ளே போனோம்.